சமன்பாட்டு எண்களைக் கைவிட வேண்டாம்: பாடநூல் வெளியீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடநூல் வெளியீட்டுக் குழுவின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

தொலைநிலைக் கல்விக்கான கணிதப் பாடநூல்களை எழுதும் ஆசிரியர்களுக்குத் தாங்கள் அண்மையில் அனுப்பிய சுற்றறிக்கையின் ஒரு பத்தியை ஏற்க இயலாததால் இதை எழுதுகிறேன். அச்சு நூல், பிடிஎஃப், இணையப் பக்கம், ஈபப் மின்னூல், கற்றல் மையங்களுக்கான வேர்டு கோப்பு ஆகிய வடிவங்களில் சமன்பாட்டு எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று புகார்கள் வருவதால், இனிமேல் ஆசிரியர்கள் சமன்பாடுகளுக்கு எண் இடுவதைத் தவிர்த்து, "மேற்கண்ட சமன்பாடு", "முன்னர்ப் பெற்ற முடிவு" என்பன போன்ற சொற்களால் சுட்ட வேண்டும் என்றும், எண் தவிர்க்க முடியாத இடங்களில் அதைக் கையால் தட்டச்சு செய்து தர வேண்டும் என்றும் அந்தப் பத்தி கூறுகிறது. புகார்கள் உண்மையானவை. அவற்றை எழுதி அனுப்பியவர்களுள் நானும் உண்டு. எண்களைச் சரிசெய்து தருமாறு நாங்கள் கேட்டோம். எண்களையே எடுத்துவிடுமாறு எவரும் கேட்கவில்லை.

வெப்பச் சமன்பாட்டைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மெல்லிய கம்பியில் வெப்பம் பரவுவதைக் குறிக்கும் சமன்பாடு (5.1). கம்பியின் இரு முனைகளும் சுழிய வெப்பநிலையில் வைக்கப்பட்டுள்ளன என்னும் எல்லை நிபந்தனை (5.2). தொடக்கத்தில் கம்பி நெடுக வெப்பநிலை எப்படி இருந்தது என்பதைச் சொல்லும் தொடக்க நிபந்தனை (5.3). மாறிகளைப் பிரித்தவுடன் இரண்டு சாதாரண வகைக்கெழுச் சமன்பாடுகள் கிடைக்கின்றன, அவை (5.6), (5.7). அதற்குப் பின் "எல்லை நிபந்தனை (5.2)-ஐ (5.7)-இன் தீர்வில் பொருத்தினால்" என்று ஒரு வாக்கியம் வருகிறது. ஃபூரியர் தொடரின் கெழுக்களைக் கணக்கிடும்போது மாணவர் மறுபடியும் (5.3)-க்குத் திரும்பிப் போக வேண்டும். அத்தியாயத்தின் இறுதியிலுள்ள பயிற்சிக் கணக்குகள் (5.1)-ஐயும் (5.2)-ஐயும் சிறிது மாற்றி, முனைகளைக் காப்பிட்டால் என்ன ஆகும் என்று கேட்கின்றன. அடுத்த அத்தியாயத்தில் அலைச் சமன்பாட்டைத் தீர்க்கும்போது, "(5.6), (5.7) ஆகியவற்றைப் பெற்ற அதே வழியில்" என்று எழுதி இரண்டு பக்கங்களை மிச்சப்படுத்துகிறோம். ஆசிரியர் வாதத்தை எங்கே தொடங்கி எங்கே கொண்டு சேர்க்கிறார் என்பதைப் படிப்பவர் இந்த எண்களைப் பற்றிக்கொண்டே பின்தொடர்கிறார்.

இதே அத்தியாயத்தைச் சுற்றறிக்கை சொல்லும் முறையில் எண்ணின்றி எழுதிப் பார்த்தேன். "மேற்கண்ட நிபந்தனையை, அதற்குப் பின் கிடைத்த இரண்டு சமன்பாடுகளுள் இரண்டாவதன் தீர்வில் பொருத்தினால்" என்று எழுத வேண்டியிருந்தது. மேலே இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. எது என்று மாணவர் ஊகிக்க வேண்டும். ஆசிரியர் முன்னால் நின்று கரும்பலகையில் விரலால் சுட்டிக் காட்டும் வகுப்பில் "மேலே உள்ளது" என்பது போதும். எங்கள் மாணவர்களுக்கு அந்த விரல் இல்லை. வேலைக்குப் போய்விட்டு இரவில் தனியாக அமர்ந்து படிப்பவர்களுக்கு ஆசிரியரின் இடத்தில் இருப்பது நூல் மட்டுமே. அதிலும் "மேலே" என்பது அச்சுப் பக்கத்தில் ஓர் இடத்தைக் குறிக்கும். ஈபப்பில் எழுத்தின் அளவைக் கூட்டினால் அந்த இடம் சில பக்கங்கள் முன்னால் போய்விடும். அத்தியாயத்தைப் பல பக்கங்களாகப் பிரித்துக் காட்டும் இணையத்தில் அது வேறொரு பக்கத்திலேயே இருக்கும்.

சென்ற பருவத்தின் வார இறுதி நேரடி வகுப்புகளில் நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பில் சிலரிடம் அச்சு நூல் இருந்தது, பலர் கைபேசியில் இணையப் பக்கத்தைத் திறந்திருந்தனர், சிலரிடம் மின்னூல், ஓரிருவரிடம் கற்றல் மையத்தில் படியெடுத்த வேர்டு கோப்பு. "(5.7)-ஐப் பாருங்கள்" என்றேன். அச்சு நூல் வைத்திருந்தவர்கள் பார்த்தார்கள். இணையப் பக்கத்தில் (5.7) என்று எதுவும் இல்லை, அங்கே அந்தச் சமன்பாடு (2) என்று இருந்தது, ஏனெனில் அந்தப் பிரிவுக்கான பக்கத்தில் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருந்தது. அதே பக்கத்தின் உரையில் முந்தைய பிரிவின் எல்லை நிபந்தனையைச் சுட்டிய இடத்தில் அடைப்புக்குள் மூன்று கேள்விக்குறிகள் மட்டும் நின்றன. மின்னூலில் சமன்பாடுகள் படங்களாக இருந்தன. எண் படத்தின் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வேர்டு கோப்பில் எண்ணுக்குப் பதிலாகச் சதுர அடைப்புக்குள், நான் மூலக் கோப்பில் அந்தச் சமன்பாட்டுக்கு வைத்திருந்த உட்பெயர் அப்படியே அச்சாகியிருந்தது. ஒரே நூல், ஒரே ஆசிரியர், ஒரே மூலக் கோப்பு. அன்று பாடத்தைத் தொடங்கும் முன் ஒவ்வொரு சமன்பாட்டையும் பலகையில் மறுபடி எழுதி, எல்லோரும் ஏற்கும் எண்களைப் புதிதாக இட வேண்டியிருந்தது.

இவை தற்செயலான கோளாறுகள் அல்ல என்பதைக் குழு கவனிக்க வேண்டுகிறேன். ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் தீர்வும் தெரிந்துவிடும் என்பதால் சிறிது விரிவாகவே சொல்கிறேன்.

கணித அச்சுக்கோப்புக்காக டொனால்ட் குனூத் 1970களின் இறுதியில் டெக் மென்பொருளை உருவாக்கினார். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அமைத்த லேடெக் இந்தச் சிக்கலுக்கு அன்றே விடை சொல்லிவிட்டது. ஆசிரியர் சமன்பாட்டுக்கு எண் இடுவதில்லை. ஒரு பெயர் இடுகிறார். லேபிள் என்னும் கட்டளையால் பெயரைச் சூட்டி, ரெஃப் என்னும் கட்டளையால் அந்தப் பெயரைச் சுட்டுகிறார். முதல் ஓட்டத்தில் மென்பொருள் எந்தப் பெயருக்கு எந்த எண் விழுந்தது என்று ஒரு துணைக் கோப்பில் எழுதி வைக்கிறது. இரண்டாம் ஓட்டத்தில் அதைப் படித்து உரை முழுவதும் எண்களை நிரப்புகிறது. நடுவில் புதிய சமன்பாடு ஒன்றைச் சேர்த்தால் மற்ற எண்கள் தாமே நகர்ந்துகொள்ளும். பெயர் விடுபட்டால் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறிகள் வந்து நின்று பிழையைக் காட்டிக்கொடுக்கும். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்களை எழுதி வைத்தும் கடிதம் சரியாக வந்து சேர்வதற்குக் காரணம், வீட்டில் இருப்பவரின் பெயர் மாறாமல் இருப்பதுதான். சமன்பாட்டின் உட்பெயரும் அந்த வேலையைத்தான் செய்கிறது.

சிக்கல் எங்கே நுழைகிறது என்றால், மூலக் கோப்பிலிருந்து வடிவங்கள் கிளை பிரியும் இடத்தில். பிடிஎஃப்புக்கு எண் இடுவது லேடெக். இணையப் பக்கத்துக்கு எண் இடுவது, கணிதத்தைக் காட்டுவதற்காக உலாவிக்குள் ஓடும் மேத்ஜாக்ஸ் என்னும் நிரல். அதற்கு இயல்பில் எண்ணிடும் வசதியே அணைத்து வைக்கப்பட்டிருக்கும். ஏஎம்எஸ் முறை என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால்தான் எண் வரும். வந்தாலும், மேத்ஜாக்ஸுக்குத் தெரிந்தது அது திறந்திருக்கும் ஒரு பக்கம் மட்டுமே. இது ஐந்தாம் அத்தியாயம் என்பதோ, முந்தைய பக்கத்தில் எத்தனை சமன்பாடுகள் இருந்தன என்பதோ அதற்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றிலிருந்து எண்ணுகிறது. அடுத்த பக்கத்திலுள்ள பெயரைச் சுட்டினால் கேள்விக்குறிகளைக் காட்டுகிறது. வேகத்துக்காகச் சில கைபேசிச் செயலிகள் பயன்படுத்தும் கேடெக் என்னும் இன்னொரு நிரல், லேபிள், ரெஃப் ஆகிய கட்டளைகளை ஏற்பதே இல்லை. ஆசிரியர் வெளிப்படையாக டேக் கட்டளையால் எண்ணை எழுதித் தந்தால் அதைக் காட்டும். வேர்டு கோப்பைத் தயாரிக்கப் பயன்பட்ட பேண்டாக் என்னும் வடிவமாற்று மென்பொருள், தலைப்புகளுக்கும் படங்களுக்கும் எண்களை ஓரளவு தீர்த்துக்கொண்டாலும், சமன்பாடுகளைச் சுட்டும் இடங்களில் உட்பெயரை அடைப்புக்குள் விட்டுவிடுகிறது. இதைச் சரிசெய்யவே பேண்டாக்–கிராஸ்ரெஃப் என்னும் வடிகட்டி தனியே எழுதப்பட்டிருக்கிறது. அது எங்கள் நூல்களின் வடிவ மாற்றுப் பணியில் பயன்படுத்தப்படவில்லை என்பது வெளிவந்த கோப்பைப் பார்த்தாலே தெரிகிறது.

அதாவது, ஒரே நூலுக்கு வெவ்வேறு கணக்கர்கள் தனித்தனியே எண்ணுகிறார்கள். ஒவ்வொருவரும் எதை எண்ணுவது என்பதிலும் வேறுபடுகிறார்கள். பல வரிகள் கொண்ட ஒரு தருவிப்பை லேடெக்கின் அலைன் சூழலில் எழுதினால், வேண்டாம் என்று குறித்த வரிகள் தவிர மற்ற ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் விழும். வேறொரு கருவி முழுத் தொகுதிக்கும் ஒரே எண்ணைத் தரும். அந்த இடத்திலிருந்து அத்தியாயத்தின் முடிவு வரை எல்லா எண்களும் பிசகும். இது நிகழ்ந்த பின் ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே திருத்துவது ஓயாத வேலை. ஆகவே குழுவினர் சலித்துப்போனதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் எண்ணிடுவதைக் கிளை பிரிவதற்கு முன்பே ஒரே இடத்தில் செய்து முடித்துவிட்டால் இந்த வேலையே எழாது. மூலக் கோப்பை ஒரு முறை படித்து, உட்பெயர்களுக்கான எண்களின் பட்டியலைத் தயாரித்து, அந்த எண்களை டேக் கட்டளையாகச் சமன்பாட்டிலும், சாதாரண எழுத்தாக உரையிலும் பதித்துவிட்டு, அதன்பின் ஒவ்வொரு வடிவத்துக்கும் அனுப்ப வேண்டும். அப்போது மேத்ஜாக்ஸ் எண்ணத் தேவையில்லை. தந்ததைக் காட்டினால் போதும். கேடெக்கும் அப்படியே. வேர்டும் அப்படியே.

கையால் எண் இடுவது இதற்கு மாற்றாகாது. என் சக ஆசிரியர்களில் பலர் வேர்டிலேயே எழுதுகிறார்கள். அவர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்க்கிறேன். வேர்டில் சமன்பாட்டின் இறுதியில் # குறியும் எண்ணும் இட்டு என்டர் தட்டினால் எண் வலது ஓரத்துக்குப் போய் நிற்கும். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் தட்டிய அந்த எண் வெறும் எழுத்து. மூன்றாவது சமன்பாட்டுக்கு முன் ஒன்றைச் சேர்த்தால் அடுத்து வரும் ஒவ்வொன்றையும், உரையில் அவற்றைச் சுட்டும் ஒவ்வோர் இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். இதற்கு மாற்றாக வேர்டிலேயே வரிசை எண்ணுக்கான சீக் புலமும், புக்மார்க்கும், குறுக்குக் குறிப்பு வசதியும் உண்டு. அவற்றைப் பயன்படுத்தினால் முழுக் கோப்பையும் தேர்ந்தெடுத்து எஃப்9 விசையைத் தட்டிப் புதுப்பிக்க வேண்டும், அதற்கிடையில் யாராவது சமன்பாட்டை வெட்டி ஒட்டியதில் புக்மார்க் அழிந்திருந்தால், "எரர்! ரெஃபரென்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்" என்னும் வரி தமிழ்ப் பாடநூலின் நடுவே அச்சேறிவிடும். அப்படி அச்சேறிய பக்கங்கள் எங்கள் மாணவர்களிடம் இருக்கின்றன. எனினும் இந்தப் பிழை வரி, கையால் இட்ட தவறான எண்ணைவிட மேலானது என்பேன். பிழை வரி தன்னைக் காட்டிக்கொள்கிறது. தவறான எண்ணோ மாணவரை வேறொரு சமன்பாட்டுக்கு அழைத்துச் சென்று, அங்கே வாதம் ஏன் பொருந்தவில்லை என்று தன் அறிவையே சந்தேகிக்க வைக்கிறது. ஒரு மாணவி மதிப்பீட்டுத் தாளில் முழு விடையையும் தவறான எண் சுட்டிய நிபந்தனையிலிருந்து தொடங்கி எழுதியிருந்தார். கணக்கிட்ட முறை முழுவதும் சரி. தொடங்கிய இடத்தைத் தந்தது எங்கள் நூல்.

மின்னூலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஈபப் 3 தரநிலை 2011இல் வந்தபோதே கணிதத்தை மேத்எம்எல் என்னும் கணிதக் குறியீட்டு மொழியின் வடிவில் வைக்க இடம் தந்தது. மேத்எம்எல் 1998இலேயே உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. ஆனால் குரோம் உலாவி அதை இயல்பாகக் காட்டத் தொடங்கியது 2023 ஜனவரியில், 109ஆம் பதிப்பில்தான். வாசிப்புச் செயலிகள் பல இன்னும் முழுமையாகக் காட்டுவதில்லை. அதனால் படமாக மாற்றியிருக்கிறார்கள் என்பது புரிகிறது. எனினும் எண்ணையும் படத்துக்குள் வைத்ததற்கு அது காரணமாகாது. எண் இட்ட சமன்பாட்டுக்கென்று மேத்எம்எல்லின் மூன்றாம் பதிப்பில் இருந்த உறுப்பு, உலாவிகள் இன்று பின்பற்றும் மையத் தொகுதியில் இடம்பெறவில்லை. ஆகவே மேத்எம்எல்லைப் பயன்படுத்தினாலும் எண்ணைக் கணிதத்துக்கு வெளியே சாதாரண எழுத்தாக வைப்பதே பாதுகாப்பானது. கணிதம் ஒரு செயலியில் சரியாகத் தோன்றாவிட்டாலும் எண் தோன்றும், தேடினால் கிடைக்கும், இணைப்பைத் தட்டினால் அந்த இடத்துக்குப் போகும்.

இது பார்வையற்ற மாணவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் குழுவில் யாராவது அவர்களுடன் அமர்ந்து பார்த்திருந்தால் அந்தச் சுற்றறிக்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று நம்புகிறேன். என் வகுப்பில் உள்ள ஒரு மாணவர் என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருளைக் கொண்டு படிக்கிறார். மேத்எம்எல் வடிவில் இருக்கும் சமன்பாட்டை மேத்கேட் என்னும் துணைநிரல் அவருக்கு உறுப்புறுப்பாகப் படித்துக் காட்டுகிறது. படமாக இருந்தால் "படம்" என்பதோடு முடிந்துவிடுகிறது. அவருக்கு "மேலே" என்ற திசை இல்லை. முன்னால் கேட்டது, பின்னால் கேட்டது என்ற வரிசை மட்டும் உண்டு. "மேற்கண்ட சமன்பாடு" என்று கேட்டால், பத்தி பத்தியாகப் பின்னால் போய் ஒவ்வொரு சமன்பாட்டையும் மறுபடி கேட்க வேண்டும். (5.2) என்பது ஓர் இணைப்பாக இருந்தால் ஒரு விசையில் அங்கே போய், கேட்டுவிட்டு, திரும்பும் விசையில் விட்ட இடத்துக்கே வந்துவிடுகிறார். கண்ணால் பக்கத்தை ஒருமுறை துழாவி நாம் செய்யும் வேலையை அவர் இந்த எண்ணைக் கொண்டுதான் செய்கிறார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் அச்சு, மின்னணு ஊடகங்களின் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது. எண்களை நீக்கும் முடிவு அதற்கு எதிர்த்திசையில் போகிறது.

தமிழில் எழுதுவோருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலையும் இங்கே பதிவு செய்கிறேன், ஏனெனில் ஆயத்தக் கருவிகளைப் புதிதாக அமைப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட பல கருவிகள் எண்ணோடு "ஈக்குவேஷன்" என்னும் முன்சொல்லையும் தாமே சேர்த்துவிடுகின்றன, அதைத் தமிழில் "சமன்பாடு" என்று மாற்றி அமைத்தால் எல்லா இடத்திலும் "சமன்பாடு (5.7)" என்றே வரும். நமக்கோ வேற்றுமை உருபு வேண்டும்: (5.7)-ஐ, (5.7)-இல், (5.7)-இலிருந்து, அல்லது (5.7) என்னும் சமன்பாட்டால். ஆகவே கருவி அடைப்புக்குறியோடு எண்ணை மட்டும் தர வேண்டும். சொல்லையும் உருபையும் ஆசிரியரே எழுதிக்கொள்வார். அதோடு, பேண்டாக்கின் குறிமுறையில் உட்பெயரை அடுத்துச் சிறுகோடிட்டு உருபை ஒட்டி எழுதினால், உருபின் எழுத்துகளையும் பெயரின் பகுதியாக எடுத்துக்கொண்டு அப்படி ஒரு சமன்பாடு இல்லை என்று கருவி சொல்லும். பெயரைச் சுருள் அடைப்புக்குள் இட்டால் இது தீர்ந்துவிடும். ஒரு வரி அறிவுறுத்தலில் முடியும் இதைத் தெரியாமல், "தமிழில் தானியங்கி எண் வேலை செய்யாது" என்று மாற்றுப் பணியாளர்கள் குழுவிடம் கூறியிருக்கிறார்கள். வேலை செய்கிறது.

பல வடிவங்களில் ஒரே எண் சாத்தியமில்லை என்று சுற்றறிக்கையில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2010இல் வெளியிட்ட கணிதச் சார்புகளின் மின்னூலகத்தைக் குழு பார்க்க வேண்டுகிறேன். காமா சார்பின் தொகையீட்டு வரையறை அங்கே 5.2.1, அதே ஆண்டில் வந்த அச்சுக் கையேட்டிலும் அதே எண். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் நிலையான இணைய முகவரி உண்டு. அந்தத் திட்டத்துக்காகவே லேடெக் மூலத்தை இணையப் பக்கமாக மாற்றும் லேடெக்எம்எல் உருவாக்கப்பட்டது. ஆர்க்சைவ் களஞ்சியம் 2023 டிசம்பரிலிருந்து ஆய்வுக் கட்டுரைகளை இணையப் பக்கங்களாகவும் தருவதற்கு அதையே பயன்படுத்துகிறது. எண்கள் மாறிக்கொண்டே இருக்கும் பெரும் நூலுக்கும் வழி இருக்கிறது: இயற்கணித வடிவியலுக்கான ஸ்டாக்ஸ் ப்ராஜெக்ட், ஒவ்வொரு முடிவுக்கும் எழுத்துகளும் இலக்கங்களுமாக நான்கு இடங்கள் கொண்ட குறி ஒன்றை ஒரு முறை தந்துவிட்டு அதை ஒருபோதும் மாற்றுவதில்லை, புதிய பிரிவுகள் சேர்ந்து எண் நகர்ந்தாலும் குறி அந்த முடிவையே காட்டும். பாடநூல்களுக்கென்றே உருவான ப்ரீடெக்ஸ்ட், ஒரே மூலத்திலிருந்து அச்சு, இணையம், ஈபப் ஆகியவற்றோடு பிரெய்ல் வடிவத்தையும் தருகிறது. புக்டவுன், குவார்ட்டோ, ஸ்பிங்க்ஸ் ஆகியவை சமன்பாட்டுக்குப் பெயர் சூட்டிச் சுட்டும் வசதியைத் தம் அடிப்படையிலேயே கொண்டவை. இவை எல்லாம் கட்டணமின்றிக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள்கள். பணம் இல்லை என்ற காரணம் இங்கே பொருந்தாது. தேவைப்படுவது, மூலக் கோப்பை ஒழுங்காக வைத்திருக்கும் பழக்கமும், மாற்றுப் பணியைத் தருவதற்கு முன் நிபந்தனைகளை எழுத்தில் வைப்பதும்.

ஆகவே குழுவிடம் பின்வருவனவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவதாக, எண்களைத் தவிர்க்கவும் கையால் இடவும் சொல்லும் அந்தப் பத்தியைத் திரும்பப் பெறுங்கள். அதன்படி ஏற்கெனவே எண்கள் நீக்கப்பட்ட அத்தியாயங்கள் இருந்தால், அவற்றை ஆசிரியர்களிடம் திருப்பித் தந்து எண்களை மீட்டெடுக்க அவகாசம் தாருங்கள்.

கணிதப் பாடநூல் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மூலக் கோப்பு இருக்க வேண்டும் என்றும், அதில் சுட்டப்படும் ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஆசிரியர் உட்பெயர் வைக்க வேண்டும் என்றும், எண்கள் அத்தியாய வாரியாக அந்த மூலத்திலிருந்து ஒரே முறை கணக்கிடப்பட்டு எல்லா வடிவங்களுக்கும் அனுப்பப்பட வேண்டும் என்றும் விதி செய்யுங்கள். இணைய அத்தியாயத்தை எத்தனை பக்கங்களாகப் பிரித்தாலும் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கக் கூடாது. இணைப்பின் முகவரி எண்ணைச் சார்ந்திராமல் உட்பெயரைச் சார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் அடுத்த பதிப்பில் எண் மாறினாலும் மாணவர் குறித்து வைத்த முகவரி பழுதாகாது. வேர்டில் எழுதும் ஆசிரியர்களை லேடெக்குக்கு மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். அவர்களுடைய கோப்பை மூலத்துக்குக் கொண்டுவந்து பெயர்களைச் சூட்ட ஒரு பணியாளரை நியமியுங்கள்.

ஈபப்பிலும் இணையத்திலும் சமன்பாட்டை மேத்எம்எல் வடிவில் தாருங்கள். படம் தவிர்க்க முடியாவிட்டால் மாற்று உரையோடு தாருங்கள். எண் எக்காரணம் கொண்டும் படத்துக்குள் போகக் கூடாது.

மாற்றுப் பணிக்கான ஒப்பந்தத்தில் இரண்டு சோதனைகளைச் சேருங்கள். தீராத குறுக்குக் குறிப்பு ஒன்று இருந்தாலும் நூல் வெளிவரக் கூடாது. கேள்விக்குறிகள், சதுர அடைப்புக்குள் உட்பெயர்கள், வேர்டின் பிழை வரி ஆகியவற்றைத் தேடும் சிறு நிரல் இதற்குப் போதும். அடுத்து, எல்லா வடிவங்களிலிருந்தும் உட்பெயர்–எண் பட்டியலை எடுத்து ஒப்பிட வேண்டும். ஓர் எண் மாறுபட்டாலும் பணி முடிந்ததாகக் கொள்ளக் கூடாது. இந்த ஒப்பீட்டைச் செய்யும் நிரலை எழுதித் தர நானும் என் துறையினர் சிலரும் ஊதியமின்றி முன்வருகிறோம்.

ஒரு பதிப்புக்குள் எண்களை மாற்றாதீர்கள். புதிய பதிப்பில் மாறினால், பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்குமான அட்டவணையைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். பழைய நூலை வாங்கிப் படிப்பவர்களே எங்கள் மாணவர்களில் அதிகம், பிழைதிருத்தப் பட்டியலும் தேர்வுத் தாளும் அவர்களுக்கும் பொருந்த வேண்டும். ஒவ்வொரு நூலையும் வெளியிடுவதற்கு முன், திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்தும் மாணவர் ஒருவரிடம் ஓர் அத்தியாயத்தைத் தந்து, அவர் சொல்லும் குறைகளை எழுத்தில் பெற்றுத் தீர்த்துவையுங்கள். அந்த உழைப்புக்கு அவருக்கு மதிப்பூதியம் தாருங்கள்.

அடுத்த பருவத்துக்கான நூல்கள் அச்சுக்குப் போவதற்கு முன், இவற்றில் எவற்றை ஏற்கிறீர்கள், எவற்றை ஏற்கவில்லை, ஏற்காதவற்றுக்குக் காரணம் என்ன என்பதைக் கணிதப் பாட ஆசிரியர்கள் அனைவருக்கும் எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொலைநிலைக் கல்விக்கான கணிதப் பாடநூல் ஆசிரியர்